முப்பத்தைந்தாவது சுற்று

அண்ணா,

போன ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது என் மகள் தன் போனை முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு மாதமாக நம் பழைய ஆல்பங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணிக்கொண்டிருக்கிறாள். மங்கிப்போன படங்களை அந்தப் போனே தெளிவாக்கிவிடுகிறதாம். அன்று அவள் காட்டியது நியூ ஜெர்சியில், எடிசன் ஊரில் உங்கள் அபார்ட்மென்ட்டில் எடுத்த படம். உங்கள் மகளின் மூன்றாவது பிறந்தநாள். கேக்கைச் சுற்றிக் குழந்தைகள். வலது ஓரத்தில், கதவை ஒட்டி, காகிதத் தட்டைப் பிடித்துக்கொண்டு நீங்கள். ஆல்பத்தில் உள்ள அசலில் நீங்கள் அசைந்திருப்பீர்கள். முகம் ஒரு பழுப்புத் தீற்றலாகத்தான் இருக்கும்.

"ஸீ அம்மா, இட் ஃபிக்ஸ்ட் எவ்ரிபடி."

போனில் இருந்தவருக்குக் கூர்மையான கண்கள். வரிசையான பற்கள் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது என்று நீங்கள் வாயை மூடியே சிரிப்பவர். உங்கள் பற்களை நான் முழுதாகப் பார்த்ததே இல்லை.

"ஹூ இஸ் தட் அங்கிள்?" என்று கேட்டாள்.

"தெரியலடா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. போனில் இருந்த மனிதரை எனக்குத் தெரியாதுதான். அவள் போன பிறகு கீரையை அப்படியே வைத்துவிட்டு ஆல்பத்தில் அசலைத் தேடி எடுத்தேன். இதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. அந்த ஆள் போய் இத்தனை வருடங்களாகின்றன. என்றாலும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

1992இல் நான் நியூ ஜெர்சியில் அந்தச் சின்ன லென்ஸ் கம்பெனியில் சேர்ந்தபோது கேமரா லென்ஸ் என்றால் ஒரு வட்டக் கண்ணாடி என்றுதான் நினைத்திருந்தேன். பொள்ளாச்சியிலிருந்து வந்த புரோகிராமருக்கு அதற்குமேல் தெரிய நியாயமில்லை. ஒரு குழாய்க்குள் ஏழெட்டுக் கண்ணாடிகள் அடுக்கியிருக்கும் என்பதையும், ஒவ்வொன்றின் வளைவும் பருமனும் இடைவெளியும் கணக்குப் போட்டு வைத்தவை என்பதையும் நீங்கள் முதல் நாள் மதியச் சாப்பாட்டின்போது டிஷ்யூ பேப்பரில் வரைந்து காட்டினீர்கள். ஒரு வெளிச்சக் கதிர் முதல் கண்ணாடியில் நுழைந்து, வளைந்து, அடுத்ததில் நுழைந்து, மறுபடி வளைந்து கடைசியில் ஃபிலிமில் எங்கே போய் விழுகிறது என்று கணக்கிட வேண்டும். ஒரு கதிர் போதாது. நூற்றுக்கணக்கில் வேண்டும்.

நீங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு இங்கிலாந்து போய் முதல் வேலையில் சேர்ந்தபோது, எழுபதுகளில், அங்கே அறையளவு கம்ப்யூட்டர் ஒன்று இருந்ததாம். எண்களைத் துளையிட்ட அட்டைக் கட்டை மாலையில் கொடுத்துவிட்டு வந்தால் மறுநாள்தான் விடை வரும். ஒரு அட்டை மாறிப்போனாலும் ஒரு நாள் போச்சு. உங்களுக்கும் முன்னால் அதே கணக்கைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மடக்கை வாய்ப்பாடு பார்த்துப் போட்டார்கள் என்றும், ஒரு லென்ஸுக்கு மாதக்கணக்கில் ஆகும் என்றும் சொன்னீர்கள். நாம் வேலை செய்த காலத்தில் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டர் அதைச் சில நிமிடங்களில் செய்தது. என் வேலை அதற்கு அடுத்த படி. ஒரு லென்ஸின் எல்லாக் குறைகளையும் கூட்டி ஒரே எண்ணாக்கி, வளைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அந்த எண்ணைக் குறைத்துக்கொண்டே போகும் புரோகிராமை எழுதுவது.

குறையும், குறையும், ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் அசையாது. காலையில் வந்ததும் என் திரையை எட்டிப் பார்ப்பீர்கள்.

"என்ன தங்கச்சி, உம்மட மெஷின் இண்டைக்கும் பள்ளத்துக்க விழுந்திட்டுதோ?"

"ஆமாங்கண்ணா. வெளிய வரமாட்டேங்குது."

நீங்கள் ஒரு கண்ணாடியின் வளைவைக் கையால் தாறுமாறாக மாற்றுவீர்கள். எண் பயங்கரமாக ஏறும். பிறகு மறுபடி இறங்கும்போது பழைய இடத்தைத் தாண்டிக் கீழே போகும். எந்தக் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று கேட்டதற்குத் தோளைக் குலுக்கினீர்கள். உங்களுக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்தப் புரோகிராம் நாம் கேட்டதை மட்டும்தான் சரிசெய்யும். படத்தின் நடுப்பகுதி முக்கியம் என்று சொன்னால் நடுவைக் கூர்மையாக்கும், மூலைகளைக் கைவிட்டுவிடும். எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்று நாம்தான் எண்கள் கொடுக்க வேண்டும். ஒருமுறை மூலைகளுக்கு மிகக் குறைவாகக் கொடுத்துவிட்டேனோ என்று தயங்கியபோது சிரித்தீர்கள், வாயை மூடிக்கொண்டு.

"மூலையை ஆர் பாக்கப்போகினம்? படம் எடுக்கிறவன் தனக்கு வேண்டின ஆளை நடுவில தானே வைப்பான்."

உங்கள் மானிட்டர் ஓரத்தில் டேப் போட்டு ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்தை முதல் வாரமே பார்த்துவிட்டேன். ஸ்டுடியோவில் எடுத்தது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பெண், இடது புருவம் வலதைவிட ஒரு துளி உயர்ந்து, போட்டோக்காரனை நம்பாதவள் போல. உங்கள் அக்கா. உங்களைவிடப் பதினோரு வயது மூத்தவர். அம்மா இல்லாத வீட்டில் உங்களை வளர்த்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். நீங்கள் அமெரிக்கக் குடிமகன் ஆகும்வரை அவரை இங்கே கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் அவர் வரமாட்டார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வீர்கள்.

1995 அக்டோபர் கடைசியில் சண்டை நெருங்கி, அந்த ஊர்களில் இருந்தவர்கள் எல்லாம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஒரே நாளில் கிளம்பினார்கள் என்ற செய்தி வந்தது. அங்கே போன் இல்லை. கடிதம் போகாது. நீங்கள் டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் போன் பண்ணினீர்கள். அவர்களும் உங்களைப் போலவே இன்னொருவருக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆபீஸில் உங்கள் போன் அடித்தால் நானும் என் நாற்காலியில் நிமிர்ந்துவிடுவேன். எனக்கு அந்த ஊர் எந்தத் திசை என்றுகூடத் தெரியாது.

நவம்பரில் ஒரு காலை செய்தித்தாளின் உள்பக்கம் ஒன்றை மடித்துக் கொண்டுவந்தீர்கள். கடல்நீரேரியைப் படகில் கடந்து, கிளிநொச்சிப் பக்கத்துக் கரையில் இறங்கிய கூட்டம். மழை. நடுவில் சைக்கிளில் கிழவரைத் தள்ளிக்கொண்டு வரும் ஒருவர், தெளிவாக. வலது கீழ் மூலையில், கூட்டத்தின் விளிம்பில், ஒரு பெண். முகம் இழுபட்டுக் கலங்கியிருந்தது. பக்கத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு மூட்டை.

"நிக்கிற விதத்தைப் பாரும்" என்றீர்கள். "அக்கா இப்பிடித்தான் நிப்பா. ஒரு காலில பாரம் வைச்சு."

அந்தப் படத்தை வெளியிட்ட செய்தி நிறுவனத்துக்கு எழுதினீர்கள். அங்கே யாரோ ஒரு நல்ல மனிதர் இரண்டு வாரத்தில் பெரிய பிரின்ட் ஒன்றை அனுப்பிவைத்தார். எந்த லென்ஸில் எடுத்தது என்று பின்பக்கம் பென்சிலால் எழுதியும் இருந்தார். அகலக்கோண லென்ஸ், மங்கிய வெளிச்சம், லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து வைத்து எடுத்தது. வேறொரு கம்பெனியின் பழைய வடிவமைப்பு. யாரோ நம்மைப் போலவே உட்கார்ந்து, மூலைகளுக்குக் குறைந்த எண்களைக் கொடுத்து முடித்த லென்ஸ்.

அதே வாரத்தில் லண்டனிலிருந்து ஒரு போன். ஊரில் உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மகன். யாரோ சொன்னதை இன்னொருவர் அவரிடம் சொன்னாராம். நீங்கள் போனை வைத்துவிட்டு என்னிடம் அப்படியே ஒப்பித்தீர்கள்.

"அக்கா சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில இருக்கிறாவாம். சரியான வருத்தமாம்."

எனக்குப் புரிந்தது, அவர் துயரத்தில் இருக்கிறார் என்று. வீட்டை விட்டு வந்தவர் துயரப்படாமல் என்ன செய்வார்? அதில் அவசரம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

சாவகச்சேரி நீரேரிக்கு இந்தப் பக்கம். படம் எடுத்த கரை அந்தப் பக்கம். இரண்டு இடத்திலும் ஒருவர் இருக்க முடியாது. உங்களோடு பள்ளியில் படித்த ஒருவர் பாதிரியாராகிக் கொழும்பில் இருந்தார். நிவாரண லாரிகளோடு வடக்கே போக அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. ஏதாவது ஒரு பக்கம்தான் போக முடியும், மறுபடி எப்போது கிடைக்கும் என்று தெரியாது, எங்கே தேடட்டும் என்று உங்களிடம் கேட்டிருந்தார். பத்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

லென்ஸ் கம்பெனிகள் பேட்டன்ட் வாங்கும்போது தங்கள் வளைவுகளையும் கண்ணாடி வகைகளையும் அதில் எழுதியாக வேண்டும். அந்த எண்களை நம் புரோகிராமில் கொடுத்தால், அந்த லென்ஸ் ஒரு சிறு புள்ளி வெளிச்சத்தை மூலையில் எப்படிச் சிந்தும் என்று துல்லியமாகச் சொல்லும். எப்படிச் சிந்தியது என்று தெரிந்தால் கணக்கைத் திருப்பிப் போடலாம். வானியல் ஆட்கள் நட்சத்திரப் படங்களுக்கு அப்படிச் செய்கிறார்கள் என்று படித்திருந்தேன்.

"சிந்தினதைத் திருப்பி அள்ளலாமோ?" என்று கேட்டீர்கள்.

"கொஞ்சம் அள்ளலாங்கண்ணா. ட்ரை பண்ணிப் பாக்கலாம்."

அந்த 'கொஞ்சம்' உங்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் ஆபீஸ் காலியாக இருக்கும். முதல் சனிக்கிழமை நீங்கள் பேட்டன்ட் எண்களைப் படிக்க நான் டைப் அடித்தேன். வெளிச்சப் புள்ளி மூலையில் சிறகு விரித்த பறவை மாதிரிச் சிதறியது. பிரின்ட்டை ஸ்கேன் செய்தோம். அந்தப் பெண்ணின் முகம் மொத்தமே நகத்தளவு. கடையில் விற்ற லென்ஸ் பேட்டன்ட்டில் இருப்பதேதான் என்று உத்தரவாதம் இல்லை. எவ்வளவு தூரத்துக்கு ஃபோகஸ் செய்தார்கள் என்றும் தெரியாது. அதை எல்லாம் நாமாக ஊகித்துப் போட வேண்டியிருந்தது. நீங்கள் எல்லாவற்றையும் தெரிந்தே தலையாட்டினீர்கள்.

இரண்டாவது சனிக்கிழமை உங்கள் மகளுக்கு நீச்சல் வகுப்பு. அண்ணிக்குக் கார் ஓட்ட வராது. மத்தியானம் வருகிறேன் என்று போனீர்கள். திங்கட்கிழமை பாதிரியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் மட்டும் இருந்தேன்.

கணக்கைச் சுற்றுச் சுற்றாகப் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் படம் கொஞ்சம் தெளியும். அதே கணக்கு ஃபிலிமில் இயல்பாகவே பொடிமணல் போலத் தூவிக் கிடக்கும் புள்ளிகளையும் சேர்த்துத் தெளிவாக்கும். ஓரளவுக்குமேல் அது மணலிலிருந்தே உருவங்களைச் செய்ய ஆரம்பித்துவிடும். எங்கே நிறுத்துவது என்று சொல்ல எந்த விதியும் என்னிடம் இல்லை. பன்னிரண்டாவது சுற்றில் நடு வகிடு தெரிந்தது, தோளில் சேலை தெரிந்தது, கண்கள் இரண்டு இருட்டுப் பள்ளங்களாக இருந்தன. உண்மையில் அவ்வளவுதான் அந்த மூலையில் இருந்தது. எனக்கு அப்போதே தெரியும்.

நான் நிறுத்தவில்லை. ஃபோகஸ் தூரத்தைக் கொஞ்சம் மாற்றினேன். மறுபடி ஓடவிட்டேன். இருபதாவது சுற்றில் மூக்கு வந்தது. முப்பதில் வாய். முப்பத்தைந்தாவது சுற்றில் இடது புருவம் ஒரு துளி உயர்ந்தது. திரும்பி உங்கள் மானிட்டரில் இருந்த ஸ்டுடியோப் படத்தைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன்.

ஆசைக்கு இன்னும் ஐந்து சுற்று ஓடவிட்டேன். புருவம் உடைந்தது. நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஐம்பதாவது சுற்றில் திரையில் இருந்தது வேறு யாரோ ஒரு வயதான ஆள்.

முப்பத்தைந்துக்குப் பிறகு வந்த எல்லாவற்றையும் அழித்தேன். ஃபோகஸை மாற்றியதையும் உங்களிடம் சொல்லவில்லை. முப்பத்தைந்தை நல்ல தாளில் பெரிதாக அச்செடுத்து உங்கள் மேசையில் வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று ஆயிரம் முறை கேட்டுக்கொண்டாயிற்று. ஒரு மாதமாக நீங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதாவது ஒன்றைக் கொடுக்க வேண்டும் போல இருந்தது. என்னால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதான்.

நீங்கள் ஈரமான கார் சாவியோடு உள்ளே வந்தீர்கள். தாளை எடுத்தீர்கள். நின்றபடியே வெகுநேரம் பார்த்தீர்கள்.

"அக்கா தான்" என்றீர்கள். தாளை மடிக்காமல், கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனீர்கள்.

பாதிரியார் கிளிநொச்சிப் பக்கம் போனார். ஒவ்வொரு முகாமாகப் பெயர் சொல்லிக் கேட்டார். பள்ளிகளிலும் கோயில்களிலும் மரத்தடிகளிலும் இருந்தவர்களை விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பிக் கொழும்பு வந்து போன் பண்ணியபோது ஜனவரி பாதி ஆகியிருந்தது. கூட்டம் அதிகம், தவறவிட்டிருக்கலாம் என்று சொன்னாராம். மறுபடி போக அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

சனங்கள் ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கிய பிறகு, அந்தக் கோடையில் கடிதம் வந்தது. உங்கள் அக்கா நீரேரியைக் கடக்கவே இல்லை. சாவகச்சேரிப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்திருக்கிறார். ஜனவரி கடைசியில் காய்ச்சலில் போய்விட்டார். கூட இருந்தவர்கள் எரித்தார்கள்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் பால்கனியில் உட்கார்ந்திருந்தீர்கள். உள்ளே அண்ணி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"அவவுக்கு வருத்தம் எண்டு லண்டன்காரர் முதலே சொன்னவை தானே. மருந்து கிடைச்சிருந்தால்..."

"எல்லாருக்கும் வருத்தமாத்தானுங்க அண்ணி இருந்திருக்கும், வீடு வாசல விட்டுட்டு..."

அண்ணி கேத்தலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இல்லை. வருத்தம் எண்டால் நோய். சுகமில்லை. உங்கட ஊரில அப்பிடிச் சொல்லுறேல்லையே?"

எங்கள் ஊரில் அப்படிச் சொல்வதில்லை, அண்ணா. நாம் இருவரும் நான்கு வருடம் தமிழில் பேசிச் சிரித்து, ஒரே டப்பாவில் சாப்பிட்டும் அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் பன்னிரண்டாவது சுற்றில் நிறுத்தியிருப்பேனா? நிறுத்தியிருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேனா என்பது ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை செய்தோம். புதிய கம்ப்யூட்டர்கள் வந்தன. புரோகிராம் தானாகவே பள்ளத்திலிருந்து ஏறி வேறு பள்ளத்தைத் தேடக் கற்றுக்கொண்டது. நீங்கள் மூலைகளுக்கு அதிக எண்கள் கொடுக்க ஆரம்பித்தீர்கள். லென்ஸ் கனமாகிறது என்று மேலே இருப்பவர்கள் முணுமுணுத்தார்கள். நீங்கள் மாற்றவில்லை. அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசவில்லை.

கம்பெனி சுருங்கியது. 1999இல் உங்களுக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்தது, கேமராவுக்குச் சம்பந்தமில்லாத, டெலிபோன் கண்ணாடி இழைகள் செய்யும் இடத்தில். எனக்கும் கணவருக்கும் கலிஃபோர்னியாவில் பே ஏரியா என்று முடிவாயிற்று. உங்கள் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வாத்துகள் புல்லை நாசம் செய்துகொண்டிருந்தன. இனி விட்டால் இல்லை என்று தோன்றியது.

"அண்ணா, அந்த முகம் நானா நிறுத்துனது. முப்பத்தஞ்சுக்கு அப்புறம் மாறிடுச்சு. அதையெல்லாம் அழிச்சுட்டேன். அந்த ஃபோட்டோவைப் பாத்துப் பாத்துத்தான் நிறுத்துனேன்."

நீங்கள் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"எனக்குத் தெரியும், தங்கச்சி."

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே. அந்த மூலையில எவ்வளவு வெளிச்சம் விழுந்திருக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ? அதுக்குள்ள புருவம் இல்லை. முகமே இல்லை." காலருகே வந்த வாத்தைக் கையால் விரட்டினீர்கள். "அவவுக்குப் பக்கத்தில நிண்டது மூட்டையும் இல்லை. பிள்ளை. பிள்ளையின்ர கையைத்தான் அவ பிடிச்சிருந்தவ. நான் பேப்பரில பாத்த முதல் நாளே கண்டனான்."

பெஞ்சில் உங்கள் பக்கம் திரும்பினேன்.

"பிறகு ஏன் ஃபாதர அந்தப் பக்கம் அனுப்புனீங்க?"

"வருத்தமாக் கிடக்கிறா எண்டதை என்னால நம்பேலாமல் இருந்தது. நடந்து போறா எண்டால்... நடந்து போறவவைத் தானே தேடலாம். நீர் அந்தத் தாளைத் தந்தீர். நான் எடுத்தன். அவ்வளவுதான்."

நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. எழுந்து கால்சட்டையில் ஒட்டிய புல்லைத் தட்டினீர்கள்.

"வீட்டில சொல்லிப்போடாதையும். அவவுக்கு அது அக்கா. அப்பிடியே இருக்கட்டும்."

சரி என்றேன்.

உங்கள் குற்றத்தில் பாதியை என்னிடம் கொடுத்தீர்களா, என் குற்றத்தில் பாதியை வாங்கிக்கொண்டீர்களா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சுமை குறைந்த மாதிரி மட்டும் இல்லை.

2001 வசந்தத்தில் அந்த டெக்ஸாஸ் வேலையும் போனது. போனில் "தேடுறன், கிடைக்கும்" என்பீர்கள். செப்டம்பரில், நாடு முழுக்க விமானங்கள் எல்லாம் தரையில் நின்ற அந்த வாரத்தில், இன்டர்வியூ ஒன்றுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது நெஞ்சு வலித்திருக்கிறது. ஃப்ரீவே ஓரத்தில் காரை ஒழுங்காக நிறுத்தி, எச்சரிக்கை விளக்கையும் போட்டுவிட்டுத்தான் ஸ்டியரிங்கில் சாய்ந்திருக்கிறீர்கள். எனக்குப் போன் பண்ணியது உங்கள் மகள். பத்து வயது.

"ஆன்ட்டி, அப்பா இஸ் கான். அம்மா கான்ட் டாக் ரைட் நௌ."

விமானம் இல்லை. காரில் வர மூன்று நாளாகும். நீங்கள் எரிந்த நேரத்தை டெக்ஸாஸ் கடிகாரப்படி கணக்குப் பார்த்துக்கொண்டு ஃப்ரீமான்ட்டில் ஒரு பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில்தான் டெக்ஸாஸில் உங்கள் காப்பெல் வீட்டுக்கு வர முடிந்தது. அண்ணி கதவைத் திறந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முடித்த முகம். ஹாலில் சாமிப் படங்களுக்குக் கீழே உங்கள் படம், புதிய மாலையோடு. அதற்குப் பக்கத்தில், சந்தன நிறச் சட்டத்துக்குள், கண்ணாடிக்குப் பின்னால், நான் அச்செடுத்த தாள். நெற்றியில் குங்குமம் இட்டு இட்டுக் கண்ணாடியில் ஒரு சிவப்பு வட்டம் படிந்திருந்தது.

"அக்கான்ர கடைசிப் படம்" என்றார் அண்ணி. "இவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதுக்கு முன்னால கொஞ்ச நேரம் நிண்டிட்டுத்தான் வேலைக்குப் போறவர். நீங்கள் இல்லாட்டி இந்த முகம் எங்களிட்ட வந்திராது."

நீங்கள் யாருக்காக நின்றீர்கள், அண்ணா? அக்காவுக்கா? பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் கரையேறிய அந்த யாரோ ஒருத்திக்கா? அவள் பிழைத்திருக்கலாம். இப்போதும் எங்கோ இருக்கலாம். உயிரோடு இருக்கிறவளுக்கு ஐந்து வருடமாக ஒரு வீட்டில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தோம். அவளைத் தேடியவர்கள் யாரிடமாவது அந்தப் படம் போய்ச் சேர்ந்திருக்குமா என்று ஒருநாளும் நாம் யோசிக்கவில்லை.

அண்ணி தீப்பெட்டியை என் கையில் கொடுத்தார். "நீங்களும் ஒருக்கா ஏத்துங்கோ."

வாங்கிக்கொண்டேன். இரண்டு குச்சிகள் வீணாயின. மூன்றாவதில் ஏற்றினேன்.

உங்கள் மகள் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உங்கள் உயரம் வந்துவிடும் போல இருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"ஆன்ட்டி, டு ஐ லுக் லைக் ஹர்?"

அண்ணி என்னைப் பார்த்தார். நான் அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துபோகும். நீங்கள் சுவரில் இருந்தீர்கள், வாயை மூடிச் சிரித்துக்கொண்டு.

"ஆமாடா" என்றேன். "அப்படியேதான்."

அவள் முகம் மலர்ந்தது. அன்றிலிருந்து அதைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன், அண்ணா. உங்களுக்குக் கொடுத்த சொல்லையும், அவளுக்குச் சொன்ன பொய்யையும். இரண்டில் எதை எப்போது இறக்கி வைப்பது என்று கேட்க இனி ஆள் இல்லை.